விலை கேட்காத வரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமானுஷ்யக் காதல் நாவல்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வரிசையில் கதையை முடித்து வைத்த ‘பிரேக்கிங் டான்’ நாவல் வாசகர்களைக் கோபப்படுத்தியதை அதில் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். தாங்கள் ஆசைப்பட்டபடி கதை முடியவில்லை என்று இளம்பெண்கள் வருத்தப்பட்டார்களாம். இது அந்த வாசகர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் நாவல் 2005இல் வந்தது. அடுத்த இரண்டும் 2006, 2007இல். கதையை முடித்து வைத்த நான்காவது நாவலான இது 2008 ஆகஸ்ட் 2ஆம் தேதி நள்ளிரவில் விற்பனைக்கு வந்து, அமெரிக்காவில் முதல் நாளிலேயே 13 லட்சம் பிரதிகள் போயின. 750 பக்கங்களுக்கு மேல் உள்ள புத்தகம். அதை ஒரே மூச்சில் படித்து முடித்த ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பேய்க்கதை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இவர்கள் இல்லை. முந்தைய மூன்று பாகங்களையும் வரி வரியாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள்.

அவர்கள் ஆசைப்பட்டது நடக்கவில்லை என்பது முதலில் தகவல் பிழை. நாயகி பெல்லாவுக்கும் ரத்தக்காட்டேரி எட்வர்டுக்கும் கல்யாணம் நடக்கிறது. அவளும் ரத்தக்காட்டேரியாகி சாவில்லாதவள் ஆகிறாள். குழந்தை பிறக்கிறது. அப்பாவையும் இழக்கவில்லை. ஒருதலைக் காதலில் தவித்த, ஓநாயாக மாறக்கூடிய நண்பன் ஜேக்கப்பும் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்கிறான். படைதிரட்டி வந்த எதிரி திரும்பிப் போய்விடுகிறான். ஆசைப்பட்டது ஒன்றுவிடாமல் நடந்துவிட்டது. ஏமாற்றம் தொடங்கியது அங்கேதான்.

அமானுஷ்யக் காதல் நாவலுக்கு உயிர் கொடுப்பது பேயோ காட்டேரியோ கிடையாது. இதை அடைய வேண்டுமானால் இன்னதை இழக்க வேண்டும் என்று ஆசிரியர் கதையின் தொடக்கத்திலேயே போட்டு வைக்கும் நிபந்தனைதான். மேயர் அந்த நிபந்தனைகளை மூன்று பாகங்களில் மிகக் கவனமாகக் கட்டினார். அவர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமே இல்லை. எந்தெந்த நிபந்தனை எப்படிக் கரைந்தது என்று பார்த்தால் வாசகர்களின் கோபத்துக்குக் காரணம் தெரியும்.

முதலாவது, தாகம். புதிதாக மாறிய ரத்தக்காட்டேரி ஏறக்குறைய ஓர் ஆண்டு தன் வசத்தில் இருக்காது, மனித வாடை பட்டால் யாராக இருந்தாலும் பாய்ந்துவிடும் என்பது கதையின் அடிப்படை. மூன்றாம் பாகத்தில், எட்வர்டின் குடும்பத்தில் ஒருவனான ஜாஸ்பர் என்ற ரத்தக்காட்டேரியின் முன்கதை முழுக்க இதைத்தான் சொல்கிறது. அவன் இப்படிப்பட்ட புதியவர்களைக் கொண்டு படை நடத்தியவன். அந்த நினைவிலிருந்து இன்னும் மீளாதவன். பெல்லா எதற்குத் துணிகிறாள் என்பதை வாசகர் அவன் வாய்வழியாகத்தான் அறிகிறார். ஆனால் அவள் மாறிய பிறகு போகும் முதல் வேட்டையிலேயே மனித வாடையைப் பிடித்துத் துரத்தத் தொடங்கி, பாதியில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிவிடுகிறாள். ஜாஸ்பர் அதிர்ந்து போகிறான். நாவல் அவள் முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொண்டாள் என்று காரணம் சொல்கிறது. மூன்று பாகங்களாகக் காட்டிய பூச்சாண்டி ஒரே காட்சியில் காலியாகிவிட்டது.

இரண்டாவது, பிரிவு. மாறினால் அப்பா சார்லியை இனிமேல் பார்க்கவே முடியாது என்று அவள் முந்தைய பாகம் முழுக்க உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தாள். அவள் கண் விழித்த சில நாட்களிலேயே, ஜேக்கப் சார்லியின் கண்முன் ஓநாயாக மாறிக் காட்டி, அவரை எட்வர்டின் வீட்டுக்கு வரவைத்துவிடுகிறான். சார்லி, தேவைக்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒப்புக்கொள்கிறார். அந்த மனிதரின் குணத்துக்கு அது பொருந்துகிறது, காட்சியும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனாலும் ஒரு பாகம் முழுக்கச் சுமந்த துக்கம் ஓர் அத்தியாயத்தில் தீர்ந்துபோனதை வாசகர் எப்படி எடுத்துக்கொள்வார்?

மூன்றாவது, குழந்தை. இதில் மேயர் விதியை மீறினார் என்று பலர் எழுதினார்கள். கறாராகப் பார்த்தால் மீறவில்லை. மாறிவிட்ட பெண்ணின் உடல் உறைந்துவிடுவதால் அவளால் கருத்தரிக்க முடியாது. மனுஷியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை என்று கணக்கை நேர் செய்துவிட்டார். ஆனால் மூன்றாம் பாகத்தில் எட்வர்டின் குடும்பத்து ரத்தக்காட்டேரியான ரோஸலி என்ற பெண் பெல்லாவை உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தனக்கு இனிக் குழந்தையே கிடையாது என்பதுதான் தீராத வலி, தன்னைக் கேட்டிருந்தால் இந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருப்பேன் என்கிறாள். நாயகி இழக்கப்போவது என்ன என்று வாசகருக்கு உறைக்கும் இடம் அது. கதை ரோஸலியின் மீது வைத்த கனத்தை நாயகியின் மீது மட்டும் வைக்கவில்லை. சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டது.

நான்காவது, ஜேக்கப். ஓநாய்க் கூட்டத்தில் ஒருவன் தனக்கென்று விதிக்கப்பட்டவளைக் கண்ட நொடியில் மனம் அவளிடம் கட்டுண்டு போகும் என்பது முன்பே சொல்லப்பட்டதுதான். இரண்டு வயதுக் குழந்தையிடம் ஒருவன் அப்படிக் கட்டுண்டதும் மூன்றாம் பாகத்தில் உண்டு. ஆகவே விதை ஊன்றாமல் பயிர் வந்தது என்று சொல்ல முடியாது. கோளாறு வேறு. பெல்லாவை விட முடியாமல் தவித்த ஒருவன், வலியைத் தாங்கவோ விட்டுக்கொடுக்கவோ தானாக ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே, அவள் பெற்ற பச்சைக் குழந்தையை ஒருமுறை பார்த்ததும் பழைய காதல் துடைத்தெடுத்தாற்போல் போய்விடுகிறது. ஒரு கைக்குழந்தையை எதிர்காலத் துணையாக நினைக்க வைத்ததில் வந்த அருவருப்பைப் பலர் சொன்னார்கள், நியாயம்தான். அதற்கு இணையான குறை, ஒரு பாத்திரத்தின் கையிலிருந்து அவன் முடிவைப் பிடுங்கிக்கொண்டது.

இதே நாவலில்தான் இந்த வரிசையிலேயே மிகச் சிறந்த பகுதியும் இருக்கிறது. ஜேக்கப் சொல்வதாக வரும் இரண்டாம் பகுதியைச் சொல்கிறேன். கரு உள்ளிருந்து உதைத்துப் பெல்லாவின் விலா எலும்பை முறிக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் உடம்பு ஏற்க மறுக்கிறது. அவளுக்கென்று எடுத்து வைத்த ஓ நெகட்டிவ் ரத்தத்தை மூடி போட்ட கோப்பையில் ஊற்றி, ஸ்ட்ரா வைத்துக் கொடுக்கிறார்கள். குமட்டாமல் இருப்பதற்காக அந்த மூடி. அவளோ, வாசனை நன்றாக இருக்கிறதே என்று தானே மிரள்கிறாள். சுற்றி நிற்பவர்களில் யாராலும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை, அவளும் பின்வாங்கவில்லை. இங்கே விலை இருக்கிறது, கண்ணெதிரே கட்டப்படுகிறது. நாவலை வெறுத்தவர்களில் கணிசமானோர் இந்தப் பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பேசியதற்கு அதுதான் காரணம். மூன்றாம் பகுதியில் இந்தக் கொடுமையின் தழும்புகூட மிஞ்சவில்லை.

அந்த மூன்றாம் பகுதி ஒரு போரை நோக்கி நகர்கிறது. ரத்தக்காட்டேரிகளை இத்தாலியிலிருந்து ஆளும் வோல்டூரி கூட்டம், இது சிறு வயதிலேயே காட்டேரியாக்கப்பட்ட, தடைசெய்யப்பட்ட குழந்தை என்ற தவறான தகவலை நம்பித் தண்டிக்க வருகிறது. எகிப்து, அயர்லாந்து, ருமேனியா, அமேசான் என்று பல இடங்களிலிருந்து சாட்சிகள் வந்து சேர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி. ஒவ்வொன்றையும் விளக்கி, பயிற்சி கொடுத்து, பக்கங்கள் ஓடுகின்றன. குழந்தை தப்பிப்பதற்காகப் பெல்லா ரகசியமாகப் போலிப் பாஸ்போர்ட் செய்யச் சொல்கிறாள். கடைசியில் பனிவெளியில் இரு தரப்பும் நிற்க, தவறான தகவல் சொன்ன ஐரினா என்ற காட்டேரியை வோல்டூரியே எரித்துவிட, எட்வர்டின் குடும்பத்தில் எதிர்காலத்தைக் காணக்கூடியவளான ஆலிஸ் தென் அமெரிக்காவிலிருந்து நஹுவெல் என்ற, மனிதரும் காட்டேரியும் கலந்த இன்னொரு பிறவியைக் கூட்டி வந்து காட்ட, பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. பாஸ்போர்ட் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. ஐரினாவைத் தவிர யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

சண்டை இல்லாத முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. ஆலிஸ் விட்டுப்போகும் குறிப்பு ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்திலிருந்து கிழித்த தாளில் எழுதப்பட்டிருக்கிறது. கத்திக்குப் பதில் வாதம் வெல்லும் என்பதற்கான குறிப்பு அது, நல்ல யோசனையும்கூட. ஆனால் அந்த நாடகத்தின் நீதிமன்றக் காட்சியில் வட்டிக்காரன் ஷைலக் சொத்தில் பாதியையும் மதத்தையும் இழந்துதான் வெளியே போகிறான். இங்கே வோல்டூரி வந்த வழியே நடந்து போகிறது, அவ்வளவுதான். 2012இல் வந்த இதன் இறுதித் திரைப்படம் இந்தப் பள்ளத்தைச் சரியாக அடையாளம் கண்டது. தலைகள் விழும் முழுப் போரையே காட்டி, பிறகு அது ஆலிஸ் காட்டிய எதிர்காலக் காட்சி என்று முடித்தார்கள். நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்த்த பிறகுதான் எதிரி திரும்பிப் போனதை நம்ப முடிந்தது. கதையின் முடிவை மாற்றாமலே பழுது பார்த்த வேலை அது.

குழந்தை, சபை, தீர்ப்பு மூன்றும் நம்மிடம் பழையனூர் நீலி கதையில் இருக்கின்றன. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே குறிப்பு உள்ள அளவுக்குப் பழைய கதை. முற்பிறவிப் பழி தீர்க்கப் பேயாக வரும் நீலியால், ஒரு வணிகனை அவன் கையில் மந்திர வாள் இருக்கும்வரை நெருங்க முடியாது. இதுதான் நிபந்தனை. அவள் புதுச் சக்தி எதையும் வரவழைத்து அதை உடைக்கவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மனைவி வேடத்தில் ஊர்ச் சபைக்குப் போகிறாள். இவர் வாளை வைத்திருந்தால் என்னை வெட்டிவிடுவார் என்கிறாள். குழந்தை அவனிடம் தாவுவதைப் பார்த்துச் சபையில் இருந்த வேளாளர்கள் நம்பிவிடுகிறார்கள். வணிகனிடம், உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபது பேரின் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து வாளை வாங்கி வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். வாள் எப்படிக் கைவிட்டுப் போகிறது, வாக்கு எப்படி வசூலாகிறது என்ற இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. இதைக் கேட்டு வளர்ந்த ஊர் வாசகரிடம் விலையில்லாத வரத்தைக் காட்டினால் எப்படி நம்புவார்?

இன்று தமிழில் தொடராக வரும் அமானுஷ்யக் காதல் கதைகளிலும் இதே கோளாறுதான் மிகுதி. வாரத்துக்கு இரண்டு மூன்று யூடி, அதாவது புதுப் பகுதி, போட வேண்டிய அவசரம் ஒரு காரணம். பேய் நாயகனாகிவிட்டால் வாசகிகளுக்கு அவனைப் பிடித்துவிடுகிறது, அதன் பிறகு அவனை அனுப்ப ஆசிரியருக்கு மனம் வருவதில்லை. முப்பத்தெட்டாவது எபியில் (அத்தியாயத்தில்) யாரும் கேள்விப்படாத சித்தர் வருவார், பரணில் ஓர் ஏட்டுச்சுவடி கிடைக்கும், எபிலாக்கில் (முடிவுப் பகுதியில்) இரட்டைக் குழந்தை. எழுதுகிறவர்கள் முதல் எபிக்கு முன்பே ஒரு தாளில் சிலவற்றை எழுதி வைத்துக்கொண்டால் போதும். அந்த ஆவியால் எதைத் தொட முடியும், எதைத் தொட முடியாது? யார் கண்ணுக்குத் தெரியும்? எது அதை அழிக்கும்? மனிதப் பிறவியோடு சேர வேண்டுமானால் இருவரில் யார் எதை இழக்க வேண்டும்? நாற்பது எபி என்றால் முதல் பத்துக்குள் இவை நான்கும் கதையில் நடந்து காட்டப்பட வேண்டும், வெறும் பேச்சாக வந்தால் நிற்காது. கடைசியில் உதவப்போகும் மந்திரமோ தாயத்தோ நடுவில் ஒருமுறையாவது தோற்க வேண்டும். முப்பதுக்கு மேல் புதுச் சக்தி எதுவும் கூடாது. விதியில் விலக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால், நாயகிக்குப் பிடிக்காத ஒரு பாத்திரத்துக்கு அதை முதலில் கொடுத்துப் பாருங்கள். அங்கே நம்பும்படி இருந்தால் நாயகிக்கும் நம்பும்படி இருக்கும்.

தங்கள் நாளிதழின் நூல் அறிமுகப் பகுதியில் இத்தகைய நாவல்களுக்கு ‘விறுவிறுப்பு’, ‘திகில்’, ‘காதல் ரசம்’ என்ற மூன்று சொற்களோடு மதிப்புரை முடிந்துவிடுகிறது. கதைக்குள் என்ன நிபந்தனை போடப்பட்டது, கடைசிவரை அது நின்றதா என்பதற்கு, முடிவை வெளியிடாமலே இரண்டு வாக்கியம் ஒதுக்கலாம். 300 ரூபாய் கொடுத்து வாங்கப்போகிற வாசகருக்கு அந்த இரண்டு வாக்கியம்தான் தேவை. அமானுஷ்யக் கதைகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவரிடமே அந்தப் பகுதியைக் கொடுக்குமாறும், அடுத்த ஞாயிறு இணைப்பில் மேற்படி கட்டுரையின் அந்த இரண்டு வரியைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்தணி