இரண்டு ராத்திரி கண் விழித்த கதை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் போடாததற்கு மழை, மாமியாரின் முழங்கால், அடுப்படிச் சுவரில் ஓதம் என்று மூன்று காரணம் சொல்லலாம், மூன்றும் உண்மைதான், ஆனால் நிஜக் காரணம் ஒரு புத்தகம்.

பெரியவள் போன மாதம் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில், காந்தி வீதியில் செருப்புக்கும் பனியனுக்கும் நடுவே விரித்திருந்த பழைய புத்தகக் குவியலில் பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி வந்தாள். ஹாலி ஜாக்சன் எழுதிய 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்'. இங்கிலாந்தில் 2019இல் வந்தது. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பார், படிக்காததுகள் நெட்ஃபிளிக்ஸிலாவது பார்த்திருக்கும். "அம்மா, நீ படிச்ச மாத நாவல் எல்லாம் இதுகிட்ட நிக்காது" என்றாள். அந்த ரோஷத்தில்தான் கையில் எடுத்தேன்.

எடுத்தவள் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

லிட்டில் கில்டன் என்று ஒரு சின்ன ஊர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆண்டி பெல் என்ற பள்ளிக்கூடத்துப் பெண் காணாமல் போகிறாள். அவளுடைய காதலன் சால் சிங், நான்தான் செய்தேன் என்று அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போயிருக்க, காட்டில் செத்துக் கிடக்கிறான். பெண்ணின் உடல் கிடைக்கவே இல்லை, ஆனாலும் போலீஸ் ஃபைலை மூடிவிடுகிறது. பிப் என்ற மாணவி, பள்ளிக் கடைசி வருஷத்தில் தனியாக ஒரு தலைப்பெடுத்துச் செய்ய வேண்டிய ஆராய்ச்சிக்கு இந்த கேஸையே எடுத்துக்கொள்கிறாள். நாம் சார்ட் பேப்பரில் தெர்மாகோல் ஒட்டிக் கொடுத்ததும் ப்ராஜெக்ட்தான், இதுவும் ப்ராஜெக்ட்தான்! சாலின் தம்பி ரவியும் அவளோடு சேர்ந்துகொள்கிறான்.

நடுநடுவே அவளுடைய குறிப்புகள், ஆட்களிடம் பேசியதை அப்படியே எழுதியது, ஃபோன் மெசேஜ்கள், வரைபடம் என்று வருவதால் என் அரைகுறை இங்கிலீஷுக்கும் பக்கம் பறந்தது. சந்தேகப்படும் ஆட்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனதில் நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டேன், அதை மாமியார் பால் கணக்கு என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார். இன்னொரு கூத்து, பெரியவளுடைய சிநேகிதிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பிரதியில் கதை கனெக்டிகட்டில், ஃபேர்வியூ என்ற ஊரில் நடக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக ஊரையே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் இரண்டும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

எரிச்சலும் இருக்கிறது. நம் மாத நாவல்களில் துப்பறியும் விவேக்கோ பரத்தோ கண்டுபிடித்தால் அது அவர்கள் தொழில். சுஜாதா கதைகளின் கணேஷ் வக்கீல், துருவத்தான் செய்வார். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் ஃபோனை நீட்டிக் கேட்டதும் ஊரே வந்து வாயைத் திறக்குமா? இவள் ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து தேடுகிறாள், பொய் சொல்கிறாள், எல்லாம் நல்ல காரியத்துக்காக என்று கதை பேசாமல் விட்டுவிடுகிறது. கடைசியில் செய்த ஆள் நிதானமாக எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்வது, நாம் பரத்தின் ஜோடி சுசீலாவின் பனியன் வாசகத்துக்காகப் புரட்டிய நாவல்களில் எத்தனை முறை பார்த்தது. அப்புறம், நாய்க்கு ஒன்று ஆகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், உன் வீட்டு மணியை மடியில் வைத்துக்கொண்டு படிக்காதே.

ஆனால் யார் கொன்றார்கள் என்பது இப்போதே பாதி மறந்துவிட்டது. மறக்காதது முதல் பக்கங்கள்தான். சிங் குடும்பத்து வீடு எது என்று ஊருக்கே தெரியும், அதைத் தாண்டும்போது எல்லாரும் நடையை எட்டிப் போடுவார்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்த கேட்டை ஓடிப்போய்த் தொடு பார்க்கலாம் என்று பந்தயம் கட்டிக் கத்துவார்கள்.

அங்கே புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பதாவது படிக்கும்போது, புதுப்பாளையத்தில் கல்யாண வீட்டில் சங்கிலி காணாமல் போய், சீரியல் லைட் கட்ட வந்த பையன்தான் எடுத்தான் என்று ஒரே நாளில் தெருவே முடிவு செய்ததே. யாரும் புகார்கூடக் கொடுக்கவில்லை. அவன் வீட்டுத் தகர கேட்டில் குடைக் கம்பியால் கடகடவென்று இழுத்துக்கொண்டே ஓடினோமே, நீ முன்னால், நான் பின்னால். உள்ளே அவன் அம்மா ஒரு தடவைகூட வெளியே வந்து திட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தச் சங்கிலி பட்டுப்புடவை மடிப்பில் கிடைத்தது. அதற்குள் அவர்கள் வடலூர்ப் பக்கம் போய்விட்டார்கள். போய்ச் சொன்னவர்கள் யாரும் இல்லை, நாமும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவன் பெயர் என்னடி? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நீ வைத்த 'சங்கிலி' மட்டும்தான் வருகிறது.

இதைப் பெரியவளிடம் சொல்லவில்லை. "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டாள், "பரவாயில்லை, கடைசி நூறு பக்கம் இழுவை" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அடுத்த இரண்டு பாகமும் வேண்டுமாம், இந்தத் தடவை புதுசாக.

உனக்குக் கூரியரில் போடலாமென்றால் புத்தகம் இப்போது சின்னவள் கையில், எண்பதாம் பக்கம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வருவாய்தானே, அப்போது தருகிறேன். அதுவரை உன் பிள்ளைகளிடம் முடிவைக் கேட்டுவிடாதே. வரும்போது அந்தத் தைலம் இரண்டு பாட்டில், மாமியாருக்கு.

உன்,
மஞ்சக்குப்பத்துக்காரி