அக்காவுக்கு ஒரு மைக்ரோவேவ் கடிதம்

அன்புள்ள அக்கா,

நேற்று நீ போன் செய்தபோது ஆபீஸில் இருந்தேன். பாதிக் காதோடு கேட்டுவிட்டு "சரி, சரி" என்று வைத்துவிட்டேன். புது மைக்ரோவேவுக்குப் பதினாறாயிரம் என்று நீ சொன்னது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பழையதன் கதையை முடிப்போம். விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, குழம்பு மட்டும் சுடவில்லை என்றாய். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் உயர் மின்னழுத்தப் பகுதியில்தான் இருக்கும். டயோடோ ஃபியூஸோ மாதிரி சின்னப் பாகம் போயிருந்தால் சில நூறு ரூபாயில் சரியாகிவிடும். மெக்கானிக் 3,500 கேட்கிறார் என்றால் நுண்ணலையை உண்டாக்குகிற மேக்னட்ரானையே மாற்றச் சொல்கிறார் போலிருக்கிறது. பதினோரு வருஷம் உழைத்த பெட்டிக்கு, சாதாரணப் புதுப் பெட்டி விலையில் பாதியைக் கொட்ட வேண்டாம், விட்டுவிடு. ஆனால் அத்தானை மட்டும் ஸ்க்ரூடிரைவரோடு அதன் பக்கம் விடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் உயிருக்கே உலை வைக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். மிக்ஸியைப் பிரித்துப் போட்ட மாதிரி இல்லை இது.

சரி, புதுசு. கடைக்காரப் பையன் கன்வெக்ஷன் எடுங்கள், கேக் செய்யலாம், தந்தூரி செய்யலாம் என்றானாமே. சுடுகாற்றைச் சுழல விட்டு அடுப்பு மாதிரி வேக வைக்கிற வகை அது. என்னிடமும் அதையேதான் சொன்னான் ஒருவன். 28 லிட்டர் வாங்கினேன். கேக் இரண்டு முறை செய்தோம். இரண்டாவது கேக்கை யாரும் சாப்பிடவில்லை. கிரில் ஸ்டாண்டு பரணில் கிடக்கிறது. இப்போது என் கன்வெக்ஷன் ஓவன் தினமும் செய்வது பால் சுட வைப்பதும், நேற்றைய சாம்பாரைச் சுட வைப்பதும், அப்பளம் பொரிப்பதும்தான். அப்பளத்தைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் பொரிந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பதினாறாயிரம் தேவையில்லை.

உன் வீட்டில் அந்தப் பழைய பெட்டி என்னென்ன செய்தது என்று ஒரு வாரத்தை நினைத்துப் பார். சுட வைத்தது தவிர வேறு ஏதாவது வருகிறதா? வராவிட்டால் 20 லிட்டர் சோலோ, அதாவது கிரில், கன்வெக்ஷன் எதுவும் இல்லாத சாதா வகை, போதும். ஆறாயிரம், ஏழாயிரத்துக்குள் முடிந்துவிடும். கன்வெக்ஷனில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அடுப்பாக ஓடும்போது சில மாடல்கள் 2,400 வாட் வரை இழுக்கும், அதாவது பத்து ஆம்பியருக்கு மேல். உன் வீட்டுச் சமையல் மேடையில் மிக்ஸி மாட்டும் அந்தச் சின்ன பிளக் தாங்காது. பவர் பிளக் புதிதாக இழுக்க எலக்ட்ரீஷியன் கூலி தனி.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படாதே. சோலோ சுமார் 1,200 வாட். தினம் பத்து நிமிஷம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 12 யூனிட் வரும், அவ்வளவுதான். பெட்டியில் வாட் கணக்கு இரண்டு போட்டிருப்பார்கள். 1,200 என்பது சுவரிலிருந்து இழுப்பது. சாப்பாட்டுக்குப் போய்ச் சேருவது 700 அல்லது 800. அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்கு.

அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். டச் பட்டன் வேண்டாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் கண்ணாடியைத் தேடி எடுத்து, சின்ன எழுத்தைப் படித்து, பட்டனை அழுத்தி… அதற்குள் அம்மா அடுப்பையே பற்ற வைத்துவிடுவாள். இரண்டு திருகு உள்ளதாக வாங்கு. ஒன்று சூட்டுக்கு, ஒன்று நிமிஷத்துக்கு.

தவணைக்கு வட்டியே இல்லை என்கிறார்களே, அதையும் கொஞ்சம் கிளறிப் பார். வழக்கமாக வட்டித் தொகையை முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, அப்புறம் வட்டியாக வாங்குவார்கள். ஆனால் கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு வங்கி 18 சதவீதம் ஜிஎஸ்டி போடும். பிராசஸிங் கட்டணம் என்று தனியாக ஒன்றும் வரும். ஏழாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இந்த வம்பு எதற்கு? ஆடித் தள்ளுபடி நேரம். ரொக்கமாகத் தருகிறேன், எவ்வளவு குறைப்பாய் என்று கேள். பழைய பெட்டியையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளச் சொல். ஐந்நூறு கொடுத்தாலும் லாபம்தான், தூக்கிப் போகிற வேலை மிச்சம்.

கடைக்குப் போகும்போது நீ தினமும் சுட வைக்கிற அந்தப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைப் பையில் எடுத்துக்கொண்டு போ. உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பார். லிட்டர் கணக்கை நம்பாதே, கிண்ணத்தின் காது இடித்தால் தட்டு சுற்றாது. போகும் முன் மேடையின் ஆழத்தையும் அளந்துகொள். பின்னாலும் மேலேயும் காற்றுப் போக இடம் வேண்டும்.

பழைய ஓவனின் கண்ணாடித் தட்டை மட்டும் கடையில் கொடுத்துவிடாதே. மாவுப் பாத்திரத்தை மூட வேண்டும் என்று அம்மா போன வாரமே கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
தம்பி