அம்மிணிக்கு

கண்ணு,

நீ அனுப்பின போட்டோ எல்லாம் வந்துச்சு. பாப்பா நல்லா வளந்துட்டா, அந்த முறைப்பு அப்படியே உங்கப்பா. ஆனா எல்லாப் போட்டோவுலயும் காலுக்குப் போர்வை போத்திட்டே உக்காந்திருக்கா. இந்தச் சித்திரை வெயில்ல எதுக்குப் போர்வை?

இங்க எல்லாரும் சுகம். ஆளியாத்துத் தண்ணி மூலத்தறைக்கு வந்திருச்சு, தென்னை பொழச்சுக்கும்.

மேக்கு வீட்டு நர்ஸுப் பொண்ணு லீவுல வந்திருக்கு. பேச்சுவாக்குல, உன் பார்லர்ல வெச்சிருக்கிற மாதிரி செயற்கை நகம் ஒட்டற பசையைப் பத்திச் சொன்னா. உடைஞ்ச சாமான் ஒட்டற அதே சரக்குதானாம். பருத்தித் துணியில கொட்டுனா குபீர்னு சூடேறி, உள்ள இருக்கிற தோலு கொப்புளிச்சுப் போகுமாம். நீதான் பாப்பாவுக்குச் சுத்தப் பருத்தியாத் தேடித்தேடி வாங்கறவ. கொட்டுனா உடனே துணி மேலயே தண்ணி ஊத்தோணும், ஒட்டின துணியப் பிச்சு எடுக்கக் கூடாதாம்.

முடி நேராக்கற கிரீம்ல சிலது சுண்ணாம்பை விடக் காரமாம். மொதல்ல வலி தெரியாமலே உள்ள எறங்கிட்டிருக்குமாம். பட்ட துணியக் கழட்டிட்டு 20 நிமிஷமாவது ஓடற தண்ணியில காட்டோணும். பேஸ்ட் வேண்டாம், நெய் வேண்டாம், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு காரத்தை முறிக்கறேன்னு நிக்கவே வேண்டாம். கண்ணுல பட்டாலும் தண்ணிதான். வாயில போயிருச்சுன்னா வாந்தி எடுக்க வெக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு. மத்த எல்லாத்துக்கும் மொதல்ல தண்ணி, கண்ணு.

முன்னறையில பார்லர் போட்டு, நம்ம குடும்பத்துல சொந்தமா போர்டு மாட்டின மொத ஆளு நீ. வேலந்தாவளம் சந்தையில தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் திரியறேன். ஆனா பாப்பா விளையாடறதும் அதே முன்னறையிலதானே. அலமாரிக்குப் பூட்டு போடுன்னு போன தீபாவளிக்கே சொன்னேன். "சரிம்மா, சரிம்மா"ன்னே. குத்திக் காட்ட எழுதல. பூட்டு போட்டிரு.

மாப்பிள்ளைகிட்ட பாப்பாவைக் கேட்டா, "தூங்கறா அத்தை"ங்கறாரு. காலையில பத்து மணிக்கு!

ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் வந்து திருப்பூர் பஸ் புடிக்கறேன். எனக்குன்னு ஒண்ணும் செய்யாதே. பாப்பாவுக்குப் பாவாடைத் துணி எடுத்திருக்கேன். போன்ல நீளம் சொன்னாப் பத்தாது, நிக்க வெச்சு நானே அளக்கோணும்.

அம்மா