நிலத்தையும் எண்ணுங்கள்: எல்லை நிர்ணய ஆணைக்குழுவுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கான நியமனக் கடிதங்கள் இன்னும் எழுதப்படவில்லை. ஆனால் இலங்கையின் தேர்தல் முறையை மாற்றுவோம் என்று வாக்குறுதி கொடுக்காத கட்சி எதுவும் இல்லை. மாற்றுகிற நாளில், தொகுதிகளின் எல்லைகளை வரையும் எல்லை நிர்ணய ஆணைக்குழு ஒன்றைக் கூட்டாமல் முடியாது. அன்று உங்கள் மேசையில் விரிக்கப்படும் வரைபடத்தில் வன்னித் தேர்தல் மாவட்டம் தலைமன்னாரிலிருந்து கொக்கிளாய் வரை, மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை நீண்டு கிடக்கும். பக்கத்து அட்டவணையிலோ நாட்டின் மிகச் சிறிய எண்களில் ஒன்றாக இருக்கும். அந்த எண்ணை வைத்துக் கத்தரிக்கோலை எடுக்குமுன் இதை வாசித்துவிடுங்கள். நான் முல்லைத்தீவுத் தொகுதி வாக்காளன்; ஓய்வுபெற்ற ஆசிரியன்; எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவன் அல்லன்.

எனக்குப் பாதகமான கணக்கை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 பொதுத்தேர்தலில் வன்னியின் பதிவு வாக்காளர் 3,06,081 பேர், ஆசனங்கள் ஆறு. கம்பஹாவில் 18,81,129 பேர், ஆசனங்கள் பத்தொன்பது. ஆக, இங்கே ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 51,000 வாக்காளர், அங்கே 99,000. தூரத்துக்குப் போவானேன்? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 5,93,187 வாக்காளர் இருந்தும் அவர்களுக்கும் ஆறே ஆசனங்கள்தான். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே பெறுமதி என்று பேசுபவர்கள் முதலில் கைவைக்கப் போவது எங்கள் மீதுதான்.

இப்போது மறுபக்கக் கணக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,580 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. கம்பஹா மாவட்டம் 1,387 சதுர கிலோமீற்றர். கம்பஹாவின் ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக 73 சதுர கிலோமீற்றர் விழுகிறது. வன்னியின் ஓர் உறுப்பினருக்கு 1,100 விழுகிறது. முல்லைத்தீவு மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே கம்பஹாவை அடக்கிவிட்டு, கிட்டத்தட்ட இன்னொரு கம்பஹாவுக்கும் இடம் வைக்கலாம்.

அந்த ஆறு எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1978 அரசியலமைப்பின் 96ஆம் உறுப்புரை, வாக்காளர் தொகை எதுவானாலும் மாகாணம் ஒவ்வொன்றுக்கும் நான்கு உறுப்பினர்களை ஒதுக்குகிறது. ஒன்பது மாகாணங்களுக்கு முப்பத்தாறு. மீதி 160 ஆசனங்கள்தான் வாக்காளர் தொகைப்படி பிரிக்கப்படுகின்றன. வட மாகாணத்துக்குரிய நான்கில் ஒன்று யாழ்ப்பாணத்துக்கு, மூன்று வன்னிக்கு. எனவே எங்கள் ஆறில் தலைகளை எண்ணிக் கிடைத்தவை மூன்றே. மற்ற மூன்றும் இந்த மண்ணுக்காகக் கிடைத்தவை. அவற்றை நில ஆசனங்கள் என்றே சொல்கிறேன்.

இது ஜே. ஆர். ஜயவர்தன காலத்தில் தோன்றிய யோசனை அன்று. சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று வகுத்தபோதே, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்றும் சேர்த்து வகுத்தது. மக்கள் அடர்த்தி குறைந்த, வளர்ச்சியில் பின்தங்கிய பகுதிகளுக்கு இடம் கிடைக்கட்டும் என்பது காரணம்; அப்பகுதிகளில் சிறுபான்மையினர் கணிசமாக வாழ்ந்தார்கள் என்பது சொல்லியும் சொல்லாமலும் இருந்த இன்னொரு காரணம். அந்த ஏற்பாட்டில் 1947இல் வட மாகாணத்துக்கு ஒன்பது தொகுதிகள் கிடைத்தன. அவற்றில் மன்னாரும் வவுனியாவும் வன்னிக்குரியவை. இன்றைய முல்லைத்தீவு அன்று வவுனியாத் தொகுதிக்குள் இருந்தது. அதற்கு முன், 1931இல் தொடங்கிய அரசாங்க சபை என்ற சட்டசபையின் காலத்தில், மன்னாரும் முல்லைத்தீவும் ஒரே தொகுதி. 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் தேர்தலைப் புறக்கணித்தபோது, மன்னார் முல்லைத்தீவுத் தொகுதி தன் உறுப்பினரைத் தெரிவு செய்து அனுப்பியது. வன்னி எப்போதும் குடாநாட்டின் வால் அன்று என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

1947ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வவுனியாவில் வென்றவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம். மன்னாரில் வென்றவர் சிற்றம்பலம். இருவரும் சுயேச்சைகள். டி. எஸ். சேனநாயக்க தன் முதல் அமைச்சரவையில் இருவரையும் சேர்த்துக்கொண்டார். சுந்தரலிங்கத்துக்கு வர்த்தகம், சிற்றம்பலத்துக்குத் தபால், தொலைத்தொடர்பு. ஆளில்லாக் காடு என்று ஏளனம் செய்யப்பட்ட நிலப்பரப்பிலிருந்து சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவைக்கு இரண்டு அமைச்சர்கள்! இருவருமே யாழ்ப்பாணத்தார் என்பது அதன் மறுபுறம். மலையகத் தமிழரின் குடியுரிமையைத் தொட்ட இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டமூலத்தின்போது சுந்தரலிங்கம் ஆதரவளிக்க மறுத்து 1948இன் இறுதியில் பதவியைத் துறந்தார். 1952இலும் 1956இலும் வவுனியா மக்கள் அவரைத் திரும்பத் தெரிவு செய்தார்கள். அந்த மனிதருடைய பிற்கால அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. சாதி விடயத்தில் அவர் நின்ற இடத்தை மன்னிக்க என்னால் முடியாது. ஆனாலும், குளத்துக்குக் கீழே வயல் செய்தவனின் வாக்கு கொழும்பில் ஓர் அமைச்சரைப் பேச வைத்தது. குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் பின்னாளில், 1958, 1977 கலவரங்களுக்குப் பின், வந்து குடியேறியதும் இதே வன்னியில்தான். வாக்குரிமை கிடைக்கும்வரை அவர்கள் காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். வாக்காளர் இடாப்பில் மட்டும் இல்லை.

1976 எல்லை நிர்ணயத்தில் முல்லைத்தீவு தனித் தொகுதியானது. 1977இல் எங்களுக்கென்று முதல் தடவையாக ஓர் உறுப்பினர் கிடைத்தார். அந்த மகிழ்ச்சி ஒரு தேர்தலோடு முடிந்தது. மறு ஆண்டே புதிய அரசியலமைப்பு வந்தது. கட்சிகளுக்கு வாக்கு வீதப்படி ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்தது. இருபதுக்குக் குறையாமலும் இருபத்துநான்குக்கு மேற்படாமலும் தேர்தல் மாவட்டங்கள் இருக்க வேண்டும் என்றது 95ஆம் உறுப்புரை. அன்றைய ஆணைக்குழு இருபத்திரண்டை வகுத்தது. அதில் மூன்று முழு நிர்வாக மாவட்டங்களை ஒன்றாக அடைத்த தேர்தல் மாவட்டம் ஒன்றே ஒன்று. அது நாங்கள். வேடிக்கை என்னவென்றால், வன்னி என்று இங்கே யாரைக் கேட்டாலும் கிளிநொச்சியைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் கிளிநொச்சி அன்று யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. 1984இல்தான் தனி மாவட்டமானது. பெரும்பகுதி ஆனையிறவுக்குத் தெற்கே, வன்னி மண்ணில் இருந்துகொண்டு இன்றும் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறது. நாற்பது ஆண்டுகளாக இதைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

இனி, எண்ணிக்கை ஏன் சிறியது என்ற கேள்விக்கு வருகிறேன். 1981 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை 1,06,235. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து 2012 மதிப்பீட்டில் ஏறத்தாழ 99,500. நாடு முழுவதும் சனத்தொகை பெருகிய காலத்தில் ஒரு மாவட்டம் சுருங்கியிருக்கிறது. பிறப்பு வீதத்தை ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்காது. தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் மன்னாரைச் சேர்ந்தவர்கள். புத்தளத்தில் போய் இருந்த அவர்களின் வாக்கு எங்கே சேரும் என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை. 2019 ஜனாதிபதித் தேர்தல் அன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்தவர்களின் பஸ் தொடர்மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வாக்களிப்பதற்காக மாவட்டம் விட்டு மாவட்டம் வந்து சூடு வாங்கவேண்டியிருக்கிற வாக்காளர்களை உங்கள் அட்டவணையின் எந்த நிரலில் போடுவீர்கள்?

முல்லைத்தீவுப் பக்கம் 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களை இராணுவம் வெளியேற்றியது. கால் நூற்றாண்டுக்குப் பிறகே திரும்பினார்கள். போரின் கடைசி மாதங்கள் இந்த மாவட்டத்தில் எப்படிக் கழிந்தன என்று நான் எழுதப் போவதில்லை. தப்பியவர்களில் பெரும்பாலோர், ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர், முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் பெரியது செட்டிகுளத்தின் மெனிக் பாம். 2010 பொதுத்தேர்தல் வந்தபோது பலர் இன்னும் அங்கேதான். வன்னியில் அப்போது வாக்களித்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர்கூட இல்லை.

வாக்களிக்க விரும்பியும் முடியாமற் போன கதையும் உண்டு. 2001 டிசம்பர் 5ஆம் திகதி, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வாக்களிக்க வந்தவர்கள் கடக்க முடியாதபடி சோதனை நிலையங்களை இராணுவம் மூடிவிட்டது. இது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் மறித்தார்கள்; வன்னியில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில்தான் வாக்களித்தார்கள். ஒருமுறை அரசின் துவக்கு, மறுமுறை இயக்கத்தின் துவக்கு. இரண்டுக்கும் நடுவே சுருங்கிப்போன இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களிடம் ஆட்கள் குறைவு, ஆகவே ஆசனமும் குறைவு என்று ஓர் ஆணைக்குழு சொன்னால், வெளியேற்றியவர்களின் வேலையை அது பேனாவால் முடித்து வைக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

காட்டுக்கு எதற்கு ஆசனம் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. வன்னியில் ஓர் உறுப்பினரிடம் மக்கள் கொண்டுபோகிற முறைப்பாடுகளில் பல காணி சம்பந்தமானவை. வயலுக்குள் வன இலாகாவின் எல்லைக்கல், கோயில் வளவில் தொல்லியல் திணைக்களத்தின் பலகை, பழைய வீட்டைச் சுற்றி இராணுவ வேலி, யானை மிதித்த தென்னம்பிள்ளைகள், தூர் வாராத குளம். கேப்பாப்புலவு மக்கள் 2017இல் மாதக்கணக்காக வீதியோரத்தில் இருந்து கேட்டது வேறெதையும் அன்று, இராணுவத்திடம் இருந்த தங்கள் காணியை. இங்கே அரசியல் என்பதே நிலம். அப்படிப்பட்ட இடத்தில் நிலத்தை எண்ணாமல் தலையை மட்டும் எண்ணுவது என்ன நியாயம்?

ஆனால் நில ஆசனங்களைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அந்த மூன்றும் இன்று எங்கே போகின்றன என்று பாருங்கள். ஆறு ஆசனங்களும் ஒரே பட்டியலில், கட்சிக்குள் தனி வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்கில் தீர்மானமாகின்றன. வவுனியாத் தொகுதியில் 1,28,585 வாக்காளர், மன்னாரில் 90,607, முல்லைத்தீவில் 86,889. வேட்புமனு கொடுப்பதும் வவுனியாவில். மூன்று மாவட்டங்களையும் சுற்றி வர வாகனமும் எரிபொருளும் உள்ளவருக்கே விருப்பு வாக்கு சேரும். துணுக்காயிலோ மாந்தையிலோ இருக்கும் ஒரு நல்ல கூட்டுறவுச் சங்கத் தலைவர் இந்தப் போட்டியில் நிற்கவே முடியாது. மக்கள் ஐதாக வாழும் நிலத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய ஆசனம், அந்த நிலத்தில் அதிகம் பேர் வாழும் பட்டணத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. முல்லைத்தீவிலிருந்து யாரும் தெரிவாக வேண்டும் என்று சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. இதில் வவுனியாக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. கணக்கு அப்படித்தான் ஓடும்.

மாகாண சபையில் இந்தச் சிக்கல் இல்லை. 2013இல் வட மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தபோது மன்னாருக்கு ஐந்து, முல்லைத்தீவுக்கு ஐந்து, வவுனியாவுக்கு ஆறு என்று தனித்தனியே ஒதுக்கப்பட்டது. வானம் இடிந்து விழவில்லை. 2018இல் அந்தச் சபையின் காலம் முடிந்தபின் தேர்தலே வைக்கவில்லை என்பது வேறு கதை. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டதும் ஓர் எல்லை நிர்ணய அறிக்கைதான். 2018 ஓகஸ்ற்றில் பாராளுமன்றத்தில் அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். உங்கள் அறிக்கைக்கும் அந்தக் கதி நேரலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நீங்கள் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறைக்கு எல்லை வரைந்தாலும் சரி, பழைய விகிதாசாரத்தையே திருத்தினாலும் சரி, பரப்புக்கான நிறையை எடுத்துவிடாதீர்கள். வட மாகாணத்தின் நான்கில் வன்னிக்குரிய மூன்றையும் மன்னாருக்கு ஒன்று, வவுனியாவுக்கு ஒன்று, முல்லைத்தீவுக்கு ஒன்று என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மீதியைத் தலைகளை எண்ணிப் பிரியுங்கள். அதில் எங்களுக்கு எவ்வளவு வருகிறதோ வரட்டும். கிளிநொச்சி மக்களிடம் அவர்கள் எந்தப் பக்கம் நிற்க விரும்புகிறார்கள் என்று கேட்டுவிட்டு அந்தக் கோட்டை வரையுங்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்து நாங்கள் தீர்மானிக்கிற விடயம் அன்று அது.

பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் அமர்வுகளை வவுனியா மாவட்டச் செயலகத்தோடு நிறுத்திவிட வேண்டாம். ஒட்டுசுட்டானில் ஒன்று வையுங்கள், மடுவில் ஒன்று, புத்தளத்தில் இருக்கும் மன்னார் மக்களுக்காக அங்கேயும் ஒன்று. ஒட்டுசுட்டானுக்கு வருகிற நாளில் அமர்வைக் காலை பத்து மணிக்குமுன் தொடங்காதீர்கள். உள்ளூர்ப் பஸ் வந்து சேர அவ்வளவு நேரமாகும்.

இப்படிக்கு,
முல்லைத்தீவுத் தொகுதி வாக்காளர் ஒருவர்