தவறியதல்ல, பறித்தது: எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவல் நிலைய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். நம் பகுதியில் குற்றங்கள் குறைந்துவிட்டன என்று திரையில் ஒரு வரைபடம் காட்டினீர்கள். கோடு அழகாகக் கீழே இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவி தட்டவில்லை. தட்டவும் முடியாது, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அந்தக் கட்டின் கதை உங்கள் நிலையத்துக்குத் தெரியும். ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்க நடைபாதையின் முனையில், இரவு எட்டரை மணிக்கு, பைக்கில் வந்த இருவர் அவருடைய கைப்பையை இழுத்தார்கள். வாரைக் குறுக்காக மாட்டியிருந்ததால் பையோடு சேர்ந்து அவரும் ஏழெட்டு அடி இழுபட்டு விழுந்தார். வார் அறுந்த பிறகுதான் விட்டார்கள்.

மறுநாள் காலையில் நிலையத்துக்கு வந்தோம். பணியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அதை மறைக்க மாட்டேன். வண்டி நம்பர் பார்த்தீர்களா என்றார். இல்லை. முகம்? ஹெல்மெட் போட்டிருந்தார்கள். "அப்புறம் எதற்கம்மா வீணாக அலையப் போகிறீர்கள்? கைப்பை தவறிவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். அடையாள அட்டை புதிதாக வாங்க அது போதும்." ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடிப் பார்த்தோம். கை வீங்கிக்கொண்டே போனது. கடைசியில் வலி தாங்காமல் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அட்டை வாங்கப் போனால், கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையும் போய், கையும் போய், இப்போது அவர் அவர்தான் என்று நிரூபிக்க வேண்டிய நிலை.

அந்த முனையில் இப்படிப் பையையோ போனையோ பறிகொடுத்தவர்கள் எங்கள் இரண்டு தெருக்களில் மட்டும் இன்னும் மூன்று பேர். மூவரிடமும் இருப்பது அதே 'தவறிவிட்டது' தாள்தான். எங்கள் பகுதியில் பொருள்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் போலிருக்கிறது. இருட்டிய பிறகு, அதே முனையில், பைக்கில் ஏறிப்போய்த் தவறுகின்றன.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். திருடனை நாளைக்கே பிடித்துத் தரச் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை தெரியும். எண்ணிக்கை கூடினால் மேலிடத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். இது உங்கள் நிலையத்தில் மட்டும் பிறந்த நோய் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-இல் காவல்துறையைத் தணிக்கை செய்யும் அமைப்பு பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் 19 சதவீதம் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல். ஆனால் அங்கே அதைத் தோண்டி எடுத்து வெளியே சொன்னார்கள். இங்கே வரைபடம் போட்டுக் காட்டுகிறீர்கள்.

எழுதாமல் விட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். சொல்கிறேன். அந்த முனைக்கு விளக்கு கேட்டு, இந்தச் சம்பவத்துக்கு முன்பே நகராட்சிக்கு மனு கொடுத்தோம். காவல் பதிவுகளின்படி அந்த இடத்தில் குற்றச் சம்பவங்கள் ஏதும் இல்லை, ஆகவே முன்னுரிமை தர இயலாது என்று பதில் வந்தது. ரோந்து வண்டியும் அதே பதிவுகளைப் பார்த்துத்தானே போகிறது? கடைத்தெருவில் நிற்கிறது, முனைக்கு வருவதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அழைப்புகளில் பாதி, நகரின் முகவரிகளில் வெறும் 3 சதவீதத்திலிருந்து வந்திருந்தது. ஊர் முழுக்கக் காவல் காக்க வேண்டியதில்லை, அந்தச் சில இடங்களைக் கண்டுபிடித்தால் போதும். எங்கள் பகுதியில் அப்படி ஓர் இடம் எது என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்கள் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குகளை வைத்துச் சோதித்தபோது, இரவில் வெளியில் நடந்த கடுமையான குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. விளக்குதான் சார், வேறொன்றும் இல்லை.

கூட்டத்தில் ஒரு துண்டறிக்கை கொடுத்தீர்கள். தனியாகப் போகாதீர்கள், போனை வெளியே எடுக்காதீர்கள், இருட்டுப் பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்கலாம். வேலை முடிந்து வீட்டுக்கு வருவதையும் சேர்த்துத் தவிர்த்துவிட்டால் முழுப் பாதுகாப்பு. அதே முனையில் ஒரு கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, அது மரக்கிளையை மிக விழிப்போடு கண்காணித்து வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இல்லாதது வாட்ஸ்அப்பில் பத்து மடங்காக வளர்கிறது. போன மாதம், முகவரி தேடி நின்ற ஒரு டெலிவரிப் பையனை எங்கள் தெருக்காரர்களே அரைமணி நேரம் சூழ்ந்துகொண்டு, பையைத் திறக்கச் சொன்னார்கள். அந்தப் பையன் அழுதுவிட்டான். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது மறுபடியும் அதேதான்: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நால்வரின் சம்பவங்களுக்கும் தேதி, நேரம், இடம் குறித்து வைத்திருக்கிறோம். பழைய தாள்களை ரத்து செய்துவிட்டு, அவற்றைப் பறிப்புப் புகார்களாகப் பதிய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இன்னும் மூன்று வாரத்தில் கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்கு மறுநாள் காலை நான்கு குடும்பமும் நிலையத்துக்கு வருகிறோம். இந்தத் தடவை என் மனைவி வலது கையாலேயே கையெழுத்துப் போடுவார்.

இப்படிக்கு,
சுரங்க நடைபாதைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன்