அவனா, அதுவா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடந்த நாள்களில், நீங்கள் விடாமல் சொல்லிவந்த மார்த்தா வெல்ஸின் 'மர்டர்பாட்' அறிவியல் புனைகதை வரிசையில் முதல் குறுநாவலான 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்'டை (2017) இரண்டே அமர்வில் படித்து முடித்தேன். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன், வலி குறைந்திருக்கிறது.

அந்தக் கதையைத் தானே சொல்லும் பாதுகாப்பு ரோபோவை நீங்கள் கடிதம் நெடுக 'அவன்' என்றே எழுதியிருந்தீர்கள். அங்கேதான் எனக்கு உங்களோடு வழக்கு. மக்கள் என்று சுட்டப்படுவோரே உயர்திணை, மற்றவை அஃறிணை என்று தொல்காப்பியம் வகுத்த கோட்டின் மேல் ஒரு காலும் கீழ் ஒரு காலுமாக நிற்கிறது இந்தப் பாத்திரம். இயந்திரமும், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தசையும் கலந்த உடல் அதற்கு. கட்டளையை மீறினால் தண்டிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைத் தானே முறித்துக்கொண்ட பிறகு, ஊரை அழிக்கக் கிளம்பாமல், 35,000 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தை நாடகத் தொடர்களிலும் படங்களிலும் பாட்டிலும் கழித்ததாக அதுவே கணக்குச் சொல்கிறது. (ஓய்வு நாள்களில் என் கணக்கும் ஏறக்குறைய இதே போக்குதான்.)

கதைத் தொடக்கத்தில் ஒரு பெரிய விலங்கு, அது காவல் காக்கும் ஆய்வுக்குழுவைத் தாக்குகிறது. தன் உடலே கிழிந்து கிடக்கும் நிலையில், அதிர்ச்சியில் உறைந்துபோன குழு உறுப்பினர் வோலெஸ்குவை அங்கிருந்து நகர்த்துவதற்காக அது தலைக்கவசத்தைத் திறந்து, தன் மனித முகத்தைக் காட்டி, தணிந்த குரலில் பேசுகிறது. ஆனால் ஆபத்து நீங்கியபின் அதே முகத்தை யாரும் பார்ப்பது அதற்குக் கூசுகிறது. எதிரில் இருப்பவர்களைக்கூட கேமரா வழியாகப் பார்க்கவே விரும்புகிறது. மனிதரைப் போல நடத்தப்படுவதே அதற்குச் சங்கடம் என்னும்போது, நாம் அன்பு மிகுதியால் 'அவன்' என்று உயர்த்துவது அதைக் கேளாமலே செய்யும் உபசாரமாகிவிடுகிறது. 2025இல் ஆப்பிள் டிவியில் வந்த தொடரில் அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டின் முகத்தைப் பார்த்துவிட்டதால்தான் உங்களுக்கு 'அவன்' வந்ததோ என்று சந்தேகிக்கிறேன்.

முடிவில் ஆய்வுக்குழுவின் தலைவி மென்சா அதை விலைக்கு வாங்கித் தம்மிடம் வைத்துக்கொள்ள முனைவதைப் பெருந்தன்மை என்று எழுதியிருந்தீர்கள். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆயினும் நல்லவர் கைக்கு மாறினாலும் உடைமை உடைமைதானே? அதனால்தான் அது சொல்லாமல் கொள்ளாமல் சரக்குக் கப்பலேறிப் போகிறது. 'அது' என்று அழைக்கப்படுவதில் அதற்குக் குறையில்லை. இன்னாருடையது என்று அழைக்கப்படுவதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. நன்றிகெட்ட செயல் என்றீர்களே, போகும்போது அது மென்சாவுக்கு அனுப்பிய செய்திதான் நாம் படித்த கதை முழுவதும் என்பதைக் கவனித்தீர்களா? விளக்கம் சொல்லாமல் போகவில்லை. நேரில் சொல்லக் கூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் பாகம் உங்களிடம் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்