நீக்கிய எண்ணுக்கும் சாவிப் பெட்டி திறந்தது குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் மின்னணு சாவிப் பெட்டியின் வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: செயலியில் 'நீக்கப்பட்டது' என்று காட்டிய பிறகும் பழைய எண் வேலை செய்வது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். என் அம்மா தனியாக இருக்கிறார். எழுந்து வந்து கதவைத் திறக்க அவரால் முடியாது. அவரைக் கவனித்துக்கொள்ள வருபவர்களுக்காக, வீட்டுச் சாவியை உள்ளே வைத்து, சரியான எண்ணை அழுத்தினால் திறக்கும் தங்கள் சாவிப் பெட்டியை வாசல் சுவரில் பொருத்தியிருக்கிறோம். வேறு ஊரில் இருக்கும் நான், செயலி வழியாக ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுப்பேன். வேலையை விட்டு நின்றால் அந்த எண்ணை எடுத்துவிடுவேன்.

சென்ற மாதம் அப்படி ஒருவர் நின்றார். அன்றே அவருடைய எண்ணை நீக்கினேன். பச்சை டிக் குறியுடன் 'நீக்கப்பட்டது' என்று வந்தது. பிறகொரு நாள், விட்டுப்போன குடையை எடுக்க வந்தவர் பழக்க தோஷத்தில் பழைய எண்ணை அழுத்தியிருக்கிறார். பெட்டி திறந்துகொண்டது. நல்ல மனிதர்; சாவியைத் தொடாமல் மூடிவிட்டு, அங்கிருந்தே எனக்குப் போன் செய்து சொன்னார். எல்லோரும் அப்படி இருப்பார்களா? உள்ளே படுத்திருப்பது என் அம்மா.

கஸ்டமர் கேரில் முதலில் செயலியை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். விடாமல் கேட்ட பிறகுதான் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் விஷயத்தைச் சொன்னார். பெட்டிக்குள் ஒரு கடிகாரமும் அதற்கே உரிய ரகசியக் குறியீடும் இருக்கின்றன. அதே குறியீடு தங்கள் சர்வரிலும் உண்டு. இன்ன தேதிவரை செல்லும் எண் வேண்டும் என்று கேட்டால், சர்வர் கணக்குப் போட்டுத் தருகிறது. எண்ணை அழுத்தும்போது பெட்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் மோட்டார் தாழை விலக்குகிறது. இணையமே வேண்டாம். இது நல்ல ஏற்பாடுதான், இதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதனாலேயே, ஒரு எண்ணை ரத்து செய்த செய்தி பெட்டிக்குத் தானாகத் தெரியாது. சர்வரின் செய்தியைப் பெட்டிக்குக் கடத்தும் கேட்வே என்ற சிறு கருவி வீட்டுக்குள் வைஃபையில் இருக்கிறது; அது சொல்ல வேண்டும், அல்லது யாராவது பெட்டியின் அருகில் போய் போனின் ப்ளூடூத் வழியாகச் சொல்ல வேண்டும். அன்று ரவுட்டர் அணைந்திருந்ததால் கேட்வே இணைப்பில் இல்லை. என் கட்டளை சர்வரிலேயே கிடந்திருக்கிறது.

ரவுட்டர் அணைந்தது தங்கள் குற்றமல்ல. போய்ச் சேராத கட்டளைக்குப் பச்சை டிக் போட்டது தங்கள் குற்றம்.

பேட்டரி அளவும் இதே கதைதான். பெட்டி கடைசியாகத் தொடர்பில் இருந்தபோது இருந்த அளவை இன்றைய அளவுபோலக் காட்டுகிறீர்கள். பெட்டியின் விளக்கு எரியப் போதுமான பேட்டரி, மோட்டாரை இழுக்கப் போதாமல் போகலாம். அப்போது மருந்து கொடுக்க வந்தவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பெட்டியிடமிருந்து பதில் வரும்வரை 'அனுப்பப்பட்டது, பெட்டிக்கு இன்னும் சேரவில்லை' என்று சிவப்பில் காட்டுங்கள். கேட்வே இணைப்பு அறுந்தால் உடனே என் போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும். பேட்டரி அளவுக்குப் பக்கத்தில் அது எப்போது எடுத்தது என்று போடுங்கள். நான் எண்ணை நீக்கிய நாளிலிருந்து பெட்டி எப்போதெல்லாம், எந்த எண்ணுக்குத் திறந்தது என்ற முழுப் பதிவும் எனக்கு வேண்டும்.

இப்போதைக்கு வாரம் ஒரு முறை காலாவதியாகும் எண்களையே கொடுத்து வருகிறேன். காலாவதியைப் பெட்டி தன் கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்வதால், அதற்குக் கேட்வே தேவையில்லை. இந்த வழியைத் தங்கள் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வயதானவர்களின் வீட்டு வாசலில் இதே பெட்டியை மாட்டியிருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். அவர்களும் பச்சை டிக்கை நம்பிக்கொண்டுதான் இருப்பார்கள்.

தொலைபேசியில் சமாதானம் வேண்டாம். என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்